இலைச்சாறு மறைத்த வெளிச்சம்

என் பிரிய அண்ணே,

நீ போன பிறகு விஷத்தைத்தான் படிக்கிறேன். திருச்சியில்.

கண்ணாடிவிரியன் விஷத்தில் ஒரு நொதி. உடம்பின் புரதங்களை வெட்டுவது. அதற்கு நாங்கள் ஒரு பொய்த் தீனி வைக்கிறோம். நொதி அதை வெட்ட வெட்ட நீல ஒளி கூடும்; கருவி அளக்கும். வெட்டைத் தடுக்கும் மருந்து சேர்த்தால் ஒளி ஏறாது. அம்மாவிடம் சொன்னபோது சிரித்தாள். "இருட்டா இருந்தா பாஸா? நல்ல படிப்புடி."

உன்னைப் பாம்பு கடித்த அன்று வேலியோரத்துப் பச்சிலையை அரைத்தது அவள். கட்டியது நான். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

போன மாதம் அந்த இலைச்சாற்றைச் சோதித்தேன். ஒளி ஏறவில்லை. உடனே போனை எடுத்தேன். "அம்மா, நம்ம எலை கேக்குது." மறுமுனையில் அழுகை மட்டும்.

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை மறுநாள் செய்தேன். ஏற்கெனவே வெட்டுப்பட்டு ஒளிர்ந்துகொண்டிருந்த கரைசலில் சாற்றை விட்டேன். அதுவும் மங்கியது. சாற்றின் நிறத்தை நீக்கிவிட்டுச் சோதித்தால், நொதி எப்போதும்போல வெட்டியது. இலை விஷத்தைத் தடுக்கவில்லை. வெளிச்சத்தை மறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சாற்றின் நிறமே ஒளியை மறைக்கலாம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இருட்டாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன், அண்ணே.

அதற்குள் அம்மா வேலியோரம் இன்னும் நாலு செடி ஊன்றிவிட்டாள். ஆராய்ச்சியிலேயே தேறிய இலை என்று குன்றாண்டார்கோவில் வரைக்கும் சொல்லியிருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமையே விராலிமலையில் பஸ் மாறி ஊருக்கு வந்தேன். அம்மா கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாம் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. நிமிராமல் கேட்டாள்.

"அப்ப, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பொழச்சிருப்பானா?"

"தெரியலம்மா. கட்டுனது நானு."

"அரைச்சது நானுதான."

முதல்முறையாக அதைச் சொல்லிக்கொண்டோம்.

சாயங்காலம் செடிகளைப் பிடுங்கிப் போட்டாள். பிறகு வீடு வீடாகப் போனோம். இலையை நம்ப வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிடுங்கள் என்று அவளே சொன்னாள். முந்தின வாரம் வேற மாதிரி சொன்னீங்களே என்று ஒருத்தர் கேட்டார். தப்பாச் சொல்லிட்டேன் என்றாள். நான் பக்கத்தில் நின்றேன்.

நீ எங்களைத் திட்டியிருப்பாயா? சிரித்திருப்பாயா?

இனி எந்தச் சாறு கைக்கு வந்தாலும், முதலில் ஒளிர்கிற கரைசலில் விட்டுப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குப் போன்.

உன் காலில் இலை கட்டிய
தங்கச்சி