மூன்று வாய்

என் வீட்டுக்காரர் கெப்ரு அவர்களுக்கு, அடிஸ் அபாபாவிலிருந்து வோர்க்கினேஷ் வணங்கி எழுதுவது. மாதாவின் காவலில் நீங்களும் மகளும் நலமாயிருப்பீர்கள். உங்களைக் காணாத குறையைத் தவிர எனக்கும் நலமே.

புதன்கிழமை லேசாக வலிப்பு வந்தது, பயப்பட வேண்டாம். தவக்காலமென்று காலை மாத்திரையை மூன்று நாளாக நிறுத்தியது என் தப்பு. ஆஸ்பத்திரி சமையற்கட்டில் விழுந்ததும், கூட வேலை செய்யும் திருநேஷ், புகை வாடைக்கு வலிப்பு நிற்குமென்று வழக்கம்போல் தீக்குச்சி கிழித்து என் மூக்கருகே நீட்டினாளாம்.

"அணைடி அத! அவ என்ன அடுப்பா?" என்று ஓடிவந்தார் டாக்டர் அஸெகெதெச். இங்கே நரம்புக்கும் மனசுக்கும் வைத்தியம் பார்க்கும் முதல் பெண் அவர்தான். அதைப் படிக்கப் போனபோது, "பைத்தியத்த ஒட்டவெச்சுக்கிட்டுத்தான் வருவா" என்று சொந்தக்காரர்களே சிரித்தார்களாம்.

"நோன்பு சோத்துக்குத்தான்டி, மாத்திரைக்கு இல்ல. காலைல குடிக்கிற கோயில் தீர்த்தத்தோடயே முழுங்கு," என்றார்.

அன்றைய நோன்பு முடிந்து சாப்பிடும்போது, எச்சிலில் ஒட்டும் நோயென்று என் தனித்தட்டை எடுத்தேன். டாக்டர் தம் தட்டிலிருந்தே அப்பத்தைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து எனக்கு ஊட்டினார். "ஒரு வாயோட நிறுத்துனா பகையாம்ல," என்று இன்னும் இரண்டு வாய் ஊட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, திருநேஷும் அதே தட்டில் கை வைத்தாள். ஆண்டவருக்கு நன்றி. இந்த நோய் வந்த பதினோரு வருஷமாக எனக்கு யாரும் ஊட்டியதில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் வீட்டு மிளகாய்ப்பொடி கொடுத்தனுப்புங்கள். கடிதம் கொண்டுவருபவர் அவசரப்படுத்துகிறார். ஈஸ்டருக்கு வருவேன். எனக்குத் தனியாகத் தட்டு வைக்காதீர்கள். அம்மாவோடு சேர்ந்து சாப்பிடப் பயப்பட வேண்டாமென்று மகளிடம் சொல்லுங்கள். நீங்களும் பயப்பட வேண்டாம்.

வோர்க்கினேஷ்