மாறியது சாக்கு மட்டும்

இன்று காலை எட்டாம் வகுப்புப் பாடத்துக்காகப் புது பிளாஸ்டிக் சாக்கு ஒன்றைக் கத்திரியால் வெட்டினேன். அதன் நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். யாரிடமோ சண்டை போட்டு முடித்த அதே முகம். நீ போய் மூன்று மாதம் ஆகிறது என்பது ஒரு நொடி மறந்துபோய், சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

மலையாளத்தில் பாடம் நடத்தி நடத்தி என் தமிழ் எழுத்து கோணிக்கொண்டுதான் வரும், சிரிக்காதே. உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உன் மய்யத்தை அடக்கத்துக்கு எடுத்த அன்று, மட்டாஞ்சேரியில் உன் தாய்வீட்டுச் சந்துமுனையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "குடிச்சிட்டு நின்னு காலை ஒடிச்சுக்கிட்டாரே, அவரோட மக" என்று ஒருவர் உன்னை அடையாளம் சொன்னார். இத்தனை வருடம் கழிந்தும் அந்தப் பேச்சு சாகவில்லை. நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விடவில்லை.

உன் அத்தா சாயாவைத் தவிர வேறு எதையும் குடித்து நான் பார்த்ததில்லை. பஜாரில் ஒரு சுக்குக் குடோனில் அவருக்கு வேலை. உயர அடுக்கிய மூட்டைகளைச் சாய்ந்த பலகை வழியே மேலிருந்து விடுவார்கள். இவர் கீழே நின்று பிடித்து லாரிப் பக்கம் தள்ளுவார். பதினைந்து வருடம் பிடித்தார். ஒரு நாள் ஒரு மூட்டை நினைத்ததைவிட வேகமாக வந்து அவர் காலை முறித்தது. குடித்திருந்ததால் ஒதுங்கத் தெரியவில்லை என்றார் முதலாளி. இனி வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார். நாம் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

வீட்டில் எல்லாரும் அழுதார்கள். நீ மட்டும் கட்டிலில் கிடந்த அத்தாவிடம் போய், அந்த வாரம் குடோனில் புதிதாக என்ன வந்தது என்று கேட்டாய். பலகை பழசு. மூட்டையின் எடையும் பழையதுதான். கொஞ்சம் யோசித்துவிட்டு, சணல் சாக்கை நிறுத்திவிட்டு பிளாஸ்டிக் சாக்கு இறக்கியிருக்கிறார்கள் என்றார் அவர். அந்த மாதம்தான் டீச்சர் உராய்வு விசையை நடத்திக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லாரும் அதைப் பரீட்சைக்குப் படித்தோம். நீ அத்தாவின் மானத்துக்காகப் படித்தாய்.

பள்ளிக் கண்காட்சியில் நம் மேசையில் ஒரு பலகை, கொஞ்சம் செங்கல், ஒரே எடையில் மணல் நிரப்பிய இரண்டு சின்ன மூட்டைகள். ஒன்று சணல், ஒன்று பிளாஸ்டிக். பலகையின் ஒரு முனைக்கு அடியில் செங்கல்லை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனால் எது முதலில் வழுக்கும் என்பதுதான் சோதனை. பிளாஸ்டிக் மூட்டையின் முறை வந்தபோது, இன்னும் ஜோராக வழுக்கட்டும் என்று நான் பலகையில் தண்ணீர் தெளித்தேன். உனக்கு உதவி செய்வதாக நினைப்பு. நடுவர் ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். வழுக்கியது தண்ணீராலா, சாக்காலா என்று கேட்டார். அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். தலையில் போட்டிருந்த தட்டத்தின் முனையால் பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "எடீ, ஒண்ணை மாத்தினா மத்ததெல்லாம் அப்படியே நிக்கணும். இல்லேன்னா அந்த மொதலாளியும் நாமளும் ஒண்ணு."

மறுநாள் பள்ளி விட்டதும், நீ முன்னால் நான் பின்னால், பலகையைத் தூக்கிக்கொண்டு குடோனுக்குப் போனோம். சுமைக்காரர்கள் சுற்றி நின்றார்கள். காய்ந்த பலகையில், மூன்றாவது செங்கல்லிலேயே பிளாஸ்டிக் மூட்டை சரேலென்று இறங்கியது. சணல் மூட்டை ஐந்தாவது வரை அசையவில்லை. பத்து முறை செய்து காட்டினாய். முதலாளி எழுந்து வந்து, இதெல்லாம் பிள்ளை விளையாட்டு, வீட்டுக்குப் போ என்றார்.

"இங்க ஆளே இல்ல மொதலாளி. சாக்கு தன்னால வருது. இப்ப யாரு குடிச்சிருக்கா?"

அவர் முகத்துக்கு நேராகவே கேட்டாய். அன்று குடோன் பூட்டும் வரை சுமைக்காரர்கள் ஒரு மூட்டையைக்கூடத் தொடவில்லை. அந்த வாரமே பலகைமேல் சணல் துணியை வைத்து ஆணியடித்தார்கள். கால் எலும்பு கூடியதும் அத்தாவையும் திரும்ப அழைத்தார்கள். ஆனால் குடித்தார் என்று சொன்னது பொய் என்பதை மட்டும் முதலாளி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கல்யாணமாகி இடப்பள்ளிக்குப் போன பிறகும், பெருநாளுக்கு வரும்போதெல்லாம் நீ குடோனுக்குப் போய் அதைக் கேட்டாய். சண்டைக்காரி என்று பெயர் வாங்கினாய். வாங்கினால் என்ன? உன்னைப் போல் நாலு சண்டைக்காரிகள் இருந்திருந்தால் அந்தப் பேச்சு எப்போதோ செத்திருக்கும்.

நாம் படித்த அதே பள்ளியில்தான் இன்னும் நிற்கிறேன். உராய்வுப் பாடம் வந்தால், தண்ணீர் தெளித்தது நான்தான் என்பதையும் சேர்த்து, இந்தக் கதையைத்தான் வருடாவருடம் சொல்கிறேன். யாராவது ஒரு பிள்ளையைக் காட்டி இது உருப்படாது என்றால், அந்த வீட்டில் என்ன மாறியது என்று கேட்கிறேன். ஸ்டாஃப் ரூமில் இதற்காகவே என்னைப் பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். உன்னிடமிருந்து வந்த குணம், அதனால் எனக்கு வருத்தமில்லை.

இப்போது அந்த முதலாளியின் பேரன் நம் ஆய்வகத்துக்குப் புது மேசைகள் தந்திருக்கிறான். நாளை திறப்பு; அங்கே என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் சோதனை செய்து காட்டுகிறார்கள். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல மாதிரியாகத்தான் பேசுகிறான். தலைமை ஆசிரியை இன்று மதியம் என்னைக் கூப்பிட்டு, நாளைக்கு மட்டும் வேறு உதாரணம் வைக்கக் கூடாதா, டைல்ஸ் தரை, சோப்புத் தண்ணீர் என்று எவ்வளவோ இருக்கிறதே என்று தன்மையாகக் கேட்டார். முடியாது என்றேன். இது உதாரணமில்லை டீச்சர், நடந்தது என்றேன்.

நாளை முதல் மேசையில் பலகை இருக்கும். பிள்ளைகள் செய்து காட்டுவார்கள். முடிந்ததும் உன் அத்தாவின் பெயரை முழுதாகச் சொல்லி, அவர் குடிக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன். மேசைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனால் போகட்டும். தரையில் உட்கார்ந்தும் இயற்பியல் படிக்கலாம்.