ஸ்பெயின்காரன் கையைத் தூக்கிய நாள்

அண்ணை,

இன்று காலை டிப்போவில் என் லொக்கரைத் திறந்தபோது தைல வாசம் குப்பென்று அடித்தது. மூடி இறுகாத சின்னப் போத்தல் ஒன்று சீருடைக் கோட்டின் பைக்குள் ஒழுகியிருந்தது. உங்கள் போத்தல்தான். நான் ஓட்டும் பஸ் புறப்பட இருபது நிமிடம் இருந்தது. கோட்டைப் போடாமல் அப்படியே நின்றேன்.

ஏன் நின்றேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிழமை இரண்டு தரம் எனக்கு இடது பக்கப் பார்வை மறைந்தது. ஐந்தாறு விநாடிதான், சாம்பல் துணி போட்டு மூடியதுபோல. முதல் தரம் என் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தது. இரண்டாம் தரம் ஓடிக்கொண்டிருந்தது. மனோர் பார்க் ஸ்டேஷனுக்குக் கிட்ட உள்ள பாதசாரிக் கடவை. துணி விலகியபோது தள்ளுவண்டியோடு ஒரு தாய் பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு நேரே நின்று என்னை ஏசிக்கொண்டிருந்தாள். எப்போது பிரேக்கை மிதித்தேன் என்று இப்போதும் தெரியாது. வீட்டில் மனைவி, "என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டாள். "ஒண்டுமில்லை, வாய்வு" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய பதில் என்று உறைத்தது.

உதைபந்தாட்டத்தில் அந்த ஸ்பெயின்காரன் மீது உங்களுக்கு எவ்வளவு பைத்தியம். அவன் பதினாறு வயதில் ஊர்க் கழகத்தில் சேர்ந்தது, இரண்டு தரம் வேறு கழகங்களுக்கு இரவல் போனது, பல் உடைந்தும் ஆடி முடித்தது, பிறகு லண்டனுக்கு வந்து ஏழு பருவம் பின்வரிசையைக் காத்தது எல்லாவற்றையும் சொந்தப் பிள்ளையின் படிப்பைப்போல ஒப்புவிப்பீர்கள். எதிரணி கோர்னர் அடிக்கும்போது அவன் தடுக்கவேண்டிய ஆட்களை விரலால் எண்ணுவான். எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தின் நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் அணியில் நீங்களும் எண்ணுவீர்கள். பக்கத்தில் நிற்கிற மற்றப் பின்வரிசைக்காரன் நான். எங்கள் வயிறுகளையும் எண்ணினால் கணக்குக் கூடும் என்று நான் சீண்டுவேன்.

அவனுடைய கடைசி ஆட்டத்தை உங்கள் வீட்டில்தான் பார்த்தோம். அவனுடைய அணி ஒரு கோல் முன்னுக்கு நிற்கிறது, எழுபதாவது நிமிடம். அவன் பெஞ்சைப் பார்த்துக் கையைத் தூக்கினான். விழவில்லை, நொண்டவில்லை. தன்னை மாற்றச் சொல்லிவிட்டு நடந்து வெளியே போனான். பிறகு ஒரு கோல் விழுந்து ஆட்டம் சமனாகியது. நீங்கள் ரிமோட்டை சோபாவில் எறிந்தீர்கள்.

"இவனெல்லாம் ஒரு டிபெண்டரோ? விழும்வரைக்கும் நிக்கோணும்."

தொடை இழுத்தது தனக்கு மட்டும்தான் தெரியும், ஓர் அடி பிந்திவிடுவேன் என்பதும் தனக்கு மட்டும்தான் தெரியும், அதனால் தானே சொல்ல வேண்டியிருந்தது என்று அவன் பேட்டியில் சொன்னான். அடுத்த கிழமை ஓய்வை அறிவித்தான். நீங்கள் ஒரு மாதம் அவன் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தக் கோடையில்தான் எங்கள் சுற்றுப்போட்டி. இடைவேளையில் என்னை மரத்துக்குப் பின்னால் கூப்பிட்டு இந்தத் தைலப் போத்தலை நீட்டினீர்கள். "நெஞ்சைப் பிடிக்குது. வாய்வுதான். இதைத் தடவிவிடு. அவவுக்குச் சொல்லிப்போடாதை." அவ என்பது அக்கா, உங்கள் மனைவி. மைதானத்து ஓரத்தில் பாய் விரித்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் தடவிவிட்டேன்.

நானும் வாய்வென்றே நம்பினேன் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். நான் நம்பவில்லை, அண்ணை. உங்கள் நெஞ்சு சில்லென்று வியர்த்திருந்தது. ஆனால் மாற்று ஆட்டக்காரர் இருவரும் அப்போதுதான் வயிறு முட்டக் கொத்துரொட்டி சாப்பிட்டிருந்தார்கள். எதிரே நின்றது ஊரில் எங்களுக்கு அடுத்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் அணி. அவர்களிடம் தோற்க எனக்கு மனமில்லை. நீங்கள் இரண்டாம் பாதி முழுக்க நின்றீர்கள், வென்றோம், அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. என் மீது அதைவிட. தைலப் போத்தல் அன்று என் காற்சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது, பிறகு சீருடைக் கோட்டுக்கு மாறியது.

லொக்கருக்கு முன்னால் நின்று இதையெல்லாம் நினைத்தேன். சொன்னால் லைசென்ஸை வாங்கிக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருடமாக எனக்கு வேறு வேலை தெரியாது. சொல்லாவிட்டால் அந்தத் தாய் இன்றைக்கும் அந்தக் கடவைக்கு வருவாள். டிப்போவை மேற்பார்வை செய்யும் பெண்பிள்ளையின் ஜன்னலுக்குப் போனேன். பள்ளிக்கூடத்துப் பொடியனைப்போலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவள் எழுந்து வந்து என்னவென்று கேட்ட பிறகுதான் கண் மறைப்பதைச் சொன்னேன். என் பஸ்ஸை வேறொருவர் எடுத்துப் போனார். நாலு நிமிடம் பிந்தியது, அவ்வளவுதான்.

இப்போது கன்டீனில் இருந்து, வேலைத்தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் வருவாராம். இனி ஸ்டியரிங்கைப் பிடிப்பேனோ, பார்வையே மிஞ்சுமோ தெரியாது. பயமாக இருக்கிறது, அண்ணை. போத்தலை இறுக மூடித் திரும்பவும் பையில் வைத்திருக்கிறேன்.

சற்று முன் மனைவிக்குப் போன் எடுத்து, "அது வாய்வில்லையப்பா" என்று தொடங்கினேன். முழுவதையும் கேட்டாள். ஏசவில்லை. "அங்கையே இருங்கோ, நான் வாறன்" என்றாள்.

அன்று சொல்லியிருந்தால் அக்காவும் அதைத்தான் சொல்லியிருப்பார். அந்த மரத்திலிருந்து அவருடைய பாய்க்கு இருபது அடிகூட இல்லை.