மசாலா வைக்காத குரோசான்

என் அன்பு அண்ணிக்கு,

நீங்கள் கண்ணை மூடி வருஷம் திரும்பப் போகிறது. கிழக்குத் தாம்பரத்தில், நம் பேக்கரியில், உங்கள் குரோசான் இன்னும் கிடைக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாங்குகிறவர்கள்தான் இன்னும் பிய்த்துப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருகிறார்கள். நேற்றுக்கூட ஒருவர், "என்னம்மா, உள்ள ஒண்ணுமே இல்ல? மசாலா வைக்க மறந்துட்டீங்களா?" என்றார். பஃப்ஸ் தின்று வளர்ந்த ஊர், என்ன செய்வது? "இது பஃப்ஸ் இல்ல சார். ஈஸ்ட் போட்டுப் புளிக்க வச்ச மாவு. அடுக்கடுக்கா வெண்ணெய் வச்சு மடிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றேன். அவர் நம்பவில்லை.

அவரை விடுங்கள். உங்கள் வீட்டுக்காரரே, அதுதான் என் அண்ணனே, கட்சி மாறிவிட்டார். "ஒண்ணு உருளைக்கிழங்கு மசாலா வை, இல்ல நிறுத்து. தாம்பரத்துக்கு எதுக்கு பிரெஞ்சுக்காரன் பலகாரம்?" என்கிறார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பிரவுசிங் சென்டரில் படித்துவிட்டு வந்து நீங்கள் எனக்குச் சொன்னதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். பிறை வடிவ ரொட்டியாக அது இருந்தது வியன்னாவில். ஓர் ஆஸ்திரியாக்காரர் பாரிசில் கடை போட்டு அதைப் பழக்கினார். வெண்ணெய் வைத்து அடுக்கடுக்காக மடித்தது மட்டும்தான் பிரெஞ்சுக்காரர்கள், அதுவும் பிற்பாடு. இந்த வகைக்கு இன்றுவரை அவர்கள் மொழியில் வியன்னாப் பண்டம் என்றுதான் பேர். "பிறந்த வீடு வியன்னா, புகுந்த வீடு பாரிஸ். பாண்டிச்சேரிலேருந்து அண்ணி இங்க வரலையா? இது மட்டும் வரக்கூடாதா?" என்றேன்.

அண்ணன், துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகுதான் சொன்னார். "விடியக்காலையில அந்த வெண்ணெய் வாசனை மாடிக்கு வருது. அவ கீழ கடையில இருக்கான்னு நினைச்சு எழுந்து வந்துடறேன். மசாலா வாசனைன்னா அப்படித் தோணாதுல்ல?"

அழுதுவிட்டேன், அண்ணி. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் என்ன கல்நெஞ்சக்காரியா? இருந்துவிட்டுப் போகிறேன். உங்களை மறப்பதற்கு என் கையால் மசாலா கிண்டித் தர முடியாது. "எழுந்து வாண்ணா. வந்து தட்டை அடுக்கு. நானும் தினம் அப்படி நினைச்சுதான் கதவைத் திறக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்கும் குரோசான் போடுவேன். வாசனை மாடிக்குப் போகும். அவர் இறங்கி வருவார், நீங்கள் இருக்க மாட்டீர்கள். நான் இருப்பேன்.

என்றும் உங்கள் பக்கம் நிற்கும்,
உங்கள் நாத்தனார்