பாதிக் குவியல்

ஜூன் 3

அன்புள்ள (பழக்கதோஷம், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே) தங்கைக்கு,

நேற்று தோட்டத்தைப் பிரித்தபோது உரக்குவியலையும் நூல் பிடித்து நடுவில் வெட்டிக்கொண்டோம். நடுவே மூங்கில் வேலியும் ஏறிவிட்டது. இனி உன் பாதியை நீ தினமும் கிளறு, தாலாட்டு, என்ன வேண்டுமானாலும் செய். என் பாதியை நான் தொடப்போவதில்லை. அது தானாகவே மக்கும். இந்த ஒரு விஷயத்துக்காகப் பத்து வருஷம் சண்டை போட்டது போதும்.

பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

உன் அக்கா

ஜூன் 9

அக்காவுக்கு,

கடிதத்தை அத்தான் வேலிச் சந்து வழியாக நீட்டினார். பாவம், இந்த வயதில் தபால்காரர் ஆகிவிட்டார்.

என் பாதி அருமையாக இருக்கிறது. மக்குகிற சூட்டில் ஆவி பறக்கிறது. உன் பக்கமிருந்துதான் அழுகின முட்டை வாடை. காற்றுப் புகாமல் குவியல் திணறுகிறது. சின்ன வயதிலிருந்தே நீ எதையும் கிளறமாட்டாய், என் வாயைத் தவிர.

தங்கை

ஜூன் 16

தங்கச்சி,

நேற்று உன் அத்தான் உன் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். "உள்ள ஜில்லுனு கெடக்கு. உன் தங்கச்சி வாளியில சுடுதண்ணி கொண்டாந்து ஊத்துறா" என்றார். ஆவியின் ரகசியம் அதுதானா?

வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு என் பாதியில் கையை விட்டேன். அதுவும் ஜில்லென்றுதான் இருந்தது. தக்காளி நாற்று நடும் நாள் நெருங்குகிறது. கறுகறுவென்று உதிர்கிற உரம் இரண்டு பக்கமும் ஒரு பிடி கூட இல்லை.

அக்கா

ஜூன் 17

அக்கா,

சுடுதண்ணீர் ஊற்றியது உண்மை. உன்னிடம் தோற்கக்கூடாது என்ற வீம்புதான்.

நாற்றுக்கடைக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். "இடுப்பு உசரமாவது இருந்தாத்தாம்மா உள்ள சூடு தங்கும். கிளறினாலும் சரி, கிளறாட்டியும் சரி, இந்தப் பாதிய வச்சு ஒண்ணும் ஆகாது. எவன் இத வெட்டினது?" என்றார். பக்கத்து வீட்டு ஆடு என்று சொல்லி வைத்தேன்.

அக்கா, உன்னிடம் திட்டு வாங்கிப் பதினைந்து நாளாகிறது. தோட்டத்துக்குள் நுழையவே பிடிக்கவில்லை. அழுகையாக வருகிறது.

தங்கை

ஜூன் 18

என் செல்லமே,

ஆட்டின் மேல் பழி போடாதே. நூல் பிடித்தவள் நான்.

நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நானும் அத்தானும் வேலியைப் பிடுங்கிவிட்டோம். மூங்கிலை அடியில் பரப்பி, இரண்டு பாதியையும் அதன் மேலேயே ஒன்றாகக் கொட்டினோம். இனி காற்று அடியிலிருந்தே போகும். நீ கேட்டதும் அதுதானே! இப்போது என் இடுப்பைத் தாண்டி நிற்கிறது.

நாலாவது நாள் சூடேறிவிடும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வா. நீ கிளறு. நான் பக்கத்தில் நின்று திட்டுகிறேன்.

உன் அக்கா