படிவத்தில் இல்லாத அப்பா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன்னை நினைத்துத்தான் பத்து நாட்களாக எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

இதயக் குழாயில் அடைப்பு, அடுத்த மாதம் ஸ்டென்ட் வைக்கிறார்கள் என்றாய். குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று ஆஸ்பத்திரிப் படிவத்தில் கேட்டதற்கு இல்லை என்று எழுதியதாகச் சொல்லி, அப்பா அல்சரில்தானே போனார் என்றாய்.

அது பொய், தம்பி. அப்பாவுக்கும் இதே அடைப்புதான். ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்தே மாதத்தில் அதே இடம் மறுபடி சுருங்கிப்போய்விட்டது. அதில்தான் போனார். அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரம்பரை நோய் என்று பேச்சு வந்தால் சம்பந்தம் கைநழுவிவிடும் என்று பயந்து அம்மா எல்லோரிடமும் அல்சர் என்றார். ஒன்பது வயதுப் பையன் வெளியே உளறிவிடுவான் என்று உன்னிடமும் அதையே சொன்னோம். எனக்குக் கல்யாணம் நடந்தது. பொய் உன்னிடமே தங்கிவிட்டது.

கரப்பான்பூச்சிக்கு அலறியவள் ஆராய்ச்சிக்கூடத்தில் இருநூறு எலிகளுக்குப் படியளக்கிறாள் என்று நீ கேலி செய்வாயே, அங்கே இரண்டு வம்சத்து எலிகள் இருக்கின்றன. போன மாதம் ஒரே நாளில், ஒரே கம்பியால், இரண்டுக்கும் ரத்தக்குழாயின் உட்புறத்தை, ஸ்டென்ட் வைக்கும்போது படும் காயம்போல, எங்கள் டாக்டரம்மா லேசாகக் கீறினார். இந்த வாரம் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். ஒரு வம்சத்துக்குக் குழாய் திறந்தே இருந்தது. மற்றதற்குக் காயம் ஆறுகிறேன் என்று தடித்துத் தடித்து, ஊசி நுழையும் அளவுதான் வழி. "காயம் ஒண்ணுதாம்மா, அது ஆறுற விதம் பிறப்போட வருது" என்றார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். எலியை வைத்து மனிதனுக்குத் தீர்ப்பு எழுத முடியாது, ஆனால் இதை உன் டாக்டரிடம் மறைக்கவே கூடாது, தெரிந்தால் கூடுதல் கவனமாகப் பார்ப்பார் என்றார்.

அன்றிலிருந்து கூண்டைத் திறக்கும்போதெல்லாம் அப்பா மூச்சு வாங்குவது கேட்கிறது. மாடி ஏறும்போது நாலாவது படியில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிவாரே, நினைவிருக்கிறதா? நீ அனுப்பிய புது வீட்டுப் போட்டோவில் நீயும் படியில் குனிந்து நிற்கிறாய். ஷூ லேஸ் கட்டுகிறாய் என்றுதான் நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். உன் ஷூவில் லேஸ் இல்லை.

இதுவரை எழுதியதை உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். இருபத்தெட்டு வருஷம் கழித்து அவருக்கும் இன்றுதான் தெரியும். உறையை எடுத்து உன் முகவரியை அவரே எழுதினார்.

அந்தப் படிவத்தைத் திரும்பக் கேட்டு வாங்கு. இல்லை என்பதை அடித்துவிட்டு எழுது: அப்பா, நாற்பத்து நான்கு வயது, அதே இடத்தில் இரண்டு முறை. பிறகு என்னைத் திட்டு. ஆயுசு முழுக்கத் திட்டு. அந்த ஆயுசு கெட்டியாக இருக்கட்டும்.

உன் அக்கா