திறந்ததும் அழிந்த பட்டியல்

பழைய லேப்டாப்பை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இன்று காலை அதில் இருந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். பைத்தான் என்ற கணினி மொழியில் நான் எழுதிய ஒரு நிரலின் நடுவில் நீ தட்டிய வரி அப்படியே இருக்கிறது: "இங்க ஏ மட்டுந்தான். டபிள்யூ போட்ட, கொன்னுருவேன்." நீ போய் இரண்டு வருடம் ஆகிறது.

அந்த மொழியில் ஒரு ஃபைலைத் திறந்தால் ஒரு ஆப்ஜெக்ட், ஒரு கைப்பிடி மாதிரி, கையில் கிடைக்கும். படிப்பது, எழுதுவது, மூடுவது எல்லாம் அதன் வழியாகத்தான். எதற்காகத் திறக்கிறோம் என்பதை ஒரே எழுத்தில் சொல்ல வேண்டும். 'ஏ' என்றால் இருப்பதற்குக் கீழே சேர்க்கும். 'டபிள்யூ' என்றால் திறந்த கணமே பழையதைத் துடைத்துவிடும்.

நான் டபிள்யூ போட்டேன்.

மதுரையில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் நாம் இருவரும் வேலை பார்த்த சமயம். திருவாதவூர்ப் பக்கம் ஐந்து ஊர்களில் வீட்டுமனை இல்லாத குடும்பங்களின் பெயர்களை, ஒரு மாதம் அலைந்து, இந்த லேப்டாப்பில் நீ ஏற்றியிருந்தாய். உன் ஊரும் அதில் ஒன்று. நகல் கிடையாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வேண்டும். அன்று வியாழன்; அந்தப் பட்டியலைத்தான் நான் டபிள்யூ போட்டுத் திறந்தேன்.

"அழிஞ்சிருச்சுடி," என்றேன்.

"எம்புட்டு?"

"முழுசும்."

"எங்கம்மா பேருமா?"

தலையாட்டினேன். நீ பையை எடுத்தாய். "பேருதான போச்சு, ஆளுக இருக்காகல்ல. கெளம்பு."

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினோம். முதல் வீட்டுப் பெரியவர், "போன மாசந்தான எழுதுன தாயி? மிசினு தின்னுருச்சாக்கும்?" என்றார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய்: "மிசினு இல்ல பெரியப்பா. இவதான் அழிச்சா. திரும்பக் கேக்க வந்திருக்கா."

எனக்குக் காது சுட்டது. அவர் திட்டவில்லை. "உக்காரு தாயி," என்று தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். அடுத்த வீட்டிலிருந்து நானே சொன்னேன். மூன்று நாள், ஒவ்வொரு வாசலிலும். திங்கட்கிழமை பட்டியல் போய்ச் சேர்ந்தது. முதல் தடவை களையெடுக்கப் போய்விட்டதால் விடுபட்ட ஏழு குடும்பங்களும் அதில் இருந்தன.

பட்டா வர நாளாயிற்று. அதற்குள் உன் சிறுநீரகம் கெட்டு, நீ போய்விட்டாய். உன் அம்மா கைநாட்டு வைத்துப் பட்டா வாங்கிய அன்று பக்கத்தில் நின்றேன். அவர் அழவில்லை.

இப்போது ஒரு கம்பெனியில் இருக்கிறேன். ஏதாவது தவறானால் மீட்டிங்கில் "டேட்டா போயிருச்சு", "சர்வர் மக்கர் பண்ணுது" என்பார்கள். என் தவறென்றால் நான், "நான்தான் அழிச்சேன்," என்று சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு, அடுத்து என்ன செய்வதென்று தெரிந்துவிடுகிறது.